புதைத்தவர் சொன்ன சாட்டு

பாலியற் கொடுமை புரிந்தவன் தன் செயலை நேர்நின்று நோக்குவது அரிது. முதலில், அப்படியொன்று நடக்கவேயில்லை என்பான்; நடந்தது வெளிப்பட்டால், பொறுப்புத் தன்னுடையதன்று என்பான். குற்றவாளிகள் கூறும் இத்தகைய சாட்டுகளைச் சைக்ஸ், மாட்சா என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர் 1957இலேயே வகுத்துக் காட்டினர். நமக்கோ செம்மணி வெளியே போதிய பாடம்.

1996 செப்ரெம்பர் 7ஆம் நாள், சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கைதடியிலுள்ள வீட்டிற்குச் சைக்கிளிற் சென்றபோது செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டாள். வல்லுறவுக்கு ஆளாக்கிக் கொன்றார்கள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் அங்கேயே கொல்லப்பட்டனர். இம்மூவரின் கொலையை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். வாயால் மறுக்க வேண்டுமாயின், கேட்க வந்தவரும் உயிரோடிருத்தல் ஆகாது. மறுப்பு இங்கே சொல்லாக அன்று, மண்வெட்டியாகவே தொடங்கிற்று.

யூரிமாரின்றி மூன்று நீதிபதிகள் விசாரித்த வழக்கில், 1998 ஜூலை 3ஆம் நாள் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அப்போது சோமரத்ன ராஜபக்ச என்னும் படையினன், தாம் கொல்லவில்லை, புதைத்தது மட்டுமே என்றான். செம்மணியில் 300 முதல் 400 வரையான சடலங்கள் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டவும் முடியும் என்றான். தன்னைக் காக்கச் சொன்ன அச்சொல்லே பிறருடைய மறுப்பை உடைத்தது. 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200இற்கு மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. புதைகுழி பற்றி அவன் சொன்னது பொய்யன்று. ஆயினும், அவ்வுண்மை அவன் கையைக் கழுவிவிடாது.

நம் மொழியையும் சற்று விசாரிப்போம். நமது ஏடுகள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதின. அச்சொல்லில், அழிந்தது பெண்ணின் கற்பு. வன்முறை செய்தவனுக்கு அங்கே இடமேயில்லை. குற்றவாளி தேடும் மறைவிடத்தை நாமே கட்டிக் கொடுத்திருந்தோம்!

2004இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. செம்மணிப் புதைகுழிகளுக்காக ராஜபக்ச குற்றஞ்சாட்டிய அதிகாரிகளுள் ஒருவரேனும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.