துபாஷி வியாபாரம்: மொழி தெரிந்தால் மட்டும் போதுமா?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நண்பர் வீட்டில் ஒரு பேச்சு. அவர் மகள் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். வீட்டில் பேசுவது தெலுங்கு. மொழிபெயர்ப்பையே தொழிலாகச் செய்யணும்னு ஆசை. "மாமா, வெப்சைட் போட்டாச்சு, கார்டும் அடிச்சாச்சு. ஒரு ஆளும் வரல. கள்ளக்குறிச்சியில உட்கார்ந்துக்கிட்டு இதுக்கு எப்படி மாமா கஸ்டமர் பிடிக்கிறது?" என்றாள்.

எனக்கு மார்க்கெட்டிங் தெரியாது. சாப்ட்வேர் எழுதுபவன். மிச்ச நேரத்தில் பழைய வரலாற்றைப் புரட்டுபவன். அதனால் பதிலையும் அங்கேதான் தேடினேன்.

இந்தத் தொழில் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் தியாகதுர்கம் மலைக்கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் நெருக்கியபோது, படை உதவி கேட்டு, பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையை ஹைதர் அலி தரப்புக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிரெஞ்சு, பாரசீகம், கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று ஆளுக்கொரு மொழி பேசிய காலம் அது. அந்தக் காலத்து வியாபாரத்துக்கும் அரசியலுக்கும் நடுவில் நின்றவர்தான் துபாஷி. இரண்டு மொழி பேசுபவர் என்று பொருள்.

துபாஷிகளில் பெரிய பெயர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736 செப்டம்பரில் தொடங்கி சாகும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்கு ஆள் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முதலில் சிபாரிசு. புதுச்சேரியில் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்ப பிள்ளை. அவர்தான் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையைச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரவழைத்தார். அந்தத் திருவேங்கடத்தின் மகன் ஆனந்தரங்கர். கதவு திறந்தது உறவால்.

ஆனால் உள்ளே நிலைத்தது மொழியால் மட்டும் இல்லை, சரக்கு தெரிந்ததால். கவர்னர் லெனுவார் காலத்தில் பரங்கிப்பேட்டைத் துணி வியாபாரத்தைக் கவனித்தார். லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் சொந்தச் செலவில் கிடங்கு போட்டார். துணியின் தரமும் நெசவாளருக்குக் கொடுத்த முன்பணமும் புரிந்தவன் பேரம் பேசுவதும், அகராதி மட்டும் தெரிந்தவன் பேசுவதும் ஒன்றா?

மூன்றாவது, பெயர். தமிழில் தியாகராய தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். 1752இல் சமஸ்கிருதத்தில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' வந்தது. தெலுங்கிலும் அவர் பெயரில் ஒரு யாப்பு நூல் உண்டு. புரவலராக இருப்பது அன்றைய கௌரவம். கூடவே, மூன்று மொழிக்காரர்களிடமும் பெயர் போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

போட்டியும் இருந்தது. தலைமைத் துபாஷி கனகராய முதலி 1746இல் இறந்தபோது இடம் உடனே இவருக்குக் கிடைத்துவிடவில்லை. முன்னவரைப் போலக் கிறித்தவர் ஒருவரே வரணும்னு ஒரு தரப்பு அழுத்தம் கொடுத்தது. இன்னொரு பக்கம் கவர்னர் டூப்ளேயின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார், நிர்வாகத்திலும் தலையிடுவார். வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே மொழிபெயர்ப்பு நடந்தால் வெளி ஆளுக்கு என்ன வேலை? இன்றைக்குக் கூகுள் டிரான்ஸ்லேட்டைப் பார்த்துப் பயப்படுகிறோமே, கிட்டத்தட்ட அதே கவலைதான்.

ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஆபத்தும் தெரிகிறது. 1754இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கரின் பதவியும் போனது. 1761 ஜனவரி 12 அன்று அவர் இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில்.

இதுவரை சொன்னது வியாபாரம். நைனியப்பர் கதையின் மறு பாதியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

1716இல் கவர்னர் ஹேபெர் அவரைக் கைது செய்தார். கலகம், கொடுங்கோன்மை என்று குற்றச்சாட்டு. ஆவணங்கள் எல்லாம் பிரெஞ்சில். சாட்சிகள் தமிழில் சொன்னதை வேறு ஆட்கள் மொழிபெயர்க்க, அவர்கள் தங்களுக்குப் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது என்று பிற்பாடு சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் இரு தரப்புக்கும் நடுவில் நின்ற மனிதர், தன் வழக்கில் இன்னொருவரின் மொழிபெயர்ப்புக்குள் மாட்டிக்கொண்டார். கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பர் பாரீஸ் வரை போனார். தீர்ப்பும் ரத்தானது. தகப்பன் திரும்பவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்குக் கல்வராயன் மலைதான் நினைவுக்கு வந்தது. செம்மரம் வெட்டப் போய் ஆந்திராவில் கைதாகும் மலைவாசிகள் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தெலுங்கில் காகிதம். அவர் அங்கே போனது சரியா தப்பா என்பது வேறு விஷயம். தனக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைத் திறந்த நீதிமன்றத்திலேயே புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆவது பிரிவு. இன்றைய புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. சட்டம் இருந்தால் போதாது, விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே!

அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணி இதைத்தான் சொன்னேன். எல்லாம் மொழிபெயர்ப்பேன்னு கார்டு அடிக்காதே. ஒரு துறையை எடுத்து அதன் சரக்கைத் தெரிஞ்சுக்கோ. ஒரே ஆளை நம்பி இருக்காதே. புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடு. பணம் கொடுப்பவருக்கு உன் தப்பு தெரியாமலே போகலாம். தாளில் கையெழுத்துப் போடுபவனுக்குத்தான் அது தண்டனை.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கோர்ட் தெலுங்கு வீட்டுத் தெலுங்கு மாதிரி இருக்காதே மாமா, அதைத் தனியாப் படிக்கணுமே?" என்றாள்.

ஆமாம்மா, அங்கேயிருந்து ஆரம்பி என்றேன்.