எண்கும் படக்கருவியும்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது வடகவுஞ்சி. காப்பியும் மலைவாழையும் காட்டோடு கலந்து வளரும் இந்தப் பகுதியில், தோட்டத்தின் கடைசி மரம் எது, காட்டின் முதல் மரம் எது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இத்தகைய ஊர்களில் கரடியைக் காண ஒருவர் காட்டுக்குள் போகவேண்டியதில்லை. வீட்டு முற்றத்துக்கு அப்பால் வந்து நிற்கும் கரடியைக் கைப்பேசியிலேயே படம் பிடித்துவிடலாம். அந்தப் படம் சாத்தியமாவதற்கு முன் கரடியை யார் எப்படிப் பார்த்தார்கள் என்று தேடிப் போனால் ஒரு நீண்ட வரலாறு கிடைக்கிறது.

சங்கப் புலவர்கள் அதை எண்கு என்றார்கள். புற்றைப் பெயர்த்துக் குரும்பியைத் தின்பதையும், உதிர்ந்த இருப்பைப் பூவை இரவில் தேடி உண்பதையும் அகநானூறு சொல்கிறது. இரண்டுமே இன்றைய விலங்கியல் ஒப்புக்கொள்ளும் செய்திகள். பாலைவழியில் தலைவன் தனியே போகிறானே என்ற அச்சத்தைச் சொல்ல வந்த இடத்தில்கூட, கரடி என்ன தின்கிறது என்பதில் அவர்கள் பிழைசெய்யவில்லை. (மயிலுக்குப் போர்வை தந்த பேகனை இந்தப் பழனி மலைக்கு உரியவனாகச் சொல்வது மரபு. கரடிக்கு யாரும் போர்வை தந்ததாகப் பாட்டு இல்லை. அதற்குத் தேவையும் இல்லை.)

ஐரோப்பிய அறிவியலின் முதல் பார்வை இவ்வளவு கூர்மையாக அமையவில்லை. 1791இல் ஜார்ஜ் ஷா இவ்விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, நீண்ட நகங்களையும் மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு இல்லாததையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தின் இனத்தில் சேர்த்துவிட்டார். 1793இல் மேயர் 'மெலுர்சஸ்', அதாவது தேன்கரடி, என்ற பேரினப் பெயரைத் தந்தார். ஆனாலும் ஆங்கிலத்தில் 'ஸ்லாத் பேர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பல் இடைவெளி ஒரு குறையன்று. புற்றுக்குள் மூக்கை நுழைத்துக் கறையானை உறிஞ்சுவதற்கான வழி. உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். புற்றருகே ஒரு மாலைப்பொழுது காத்திருந்தவருக்கு இது தெரிந்திருக்கும்.

பழனி மலைக்கு வெள்ளையர் வந்த கதை துப்பாக்கியோடு சேர்ந்தது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். பின்வந்த டக்ளஸ் ஹாமில்டன் இம்மலைகளை ஓவியங்களாகவும் தீட்டினார், இவற்றில் வேட்டையும் ஆடினார். ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் ஆடிய வேட்டைகளின் பதிவு 1892இல் நூலாயிற்று. ஒரே மனிதரிடம் தூரிகையும் துப்பாக்கியும் இருந்தது அந்தக் காலத்தில் யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்துப் படக்கருவியை எடுத்தவர்களில் முன்னோடி எஃப்.டபிள்யூ. சாம்பியன். வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த அவர், விலங்கின் கால் பட்டதும் ஒளி மின்னிப் படம் பதிவாகும்படி தடத்தில் கம்பி கட்டினார். அவருடைய முதல் நூல் 1927இல் வந்தது. இன்று வனத்துறையினர் மரங்களில் பொருத்தும் தானியங்கிக் கருவிகளுக்கு அதுவே மூதாதை.

தமிழகத்தில் இந்தப் பார்வையை முழுமையாக்கியவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த படக்கருவியோடு அலைந்தவர். கறுப்பு வெள்ளையை விட்டு வண்ணத்துக்கு மாற மறுத்தவர். 1950இல் ஸ்டேட்ஸ்மன் இதழில் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை எழுதினார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வு 1975இல் நூலாக வந்தது. விலங்கு நிற்கும் புல்லும் நிழலும் பாறையும் அவர் படங்களில் விலங்குக்குச் சமமாக இடம்பெறுகின்றன. காட்டை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் காட்டும் இன்றைய படங்களைவிட எனக்கு அவை மேலானவை.

முற்றத்துப் படத்தில் உள்ள சிக்கல் வேறு. கரடிக்குப் பார்வை மங்கல். இரை கிளறும்போது அருகில் வருபவரை அது கவனிப்பதில்லை. திடுக்கிட்டு நிமிரும்போது ஓடுவதைவிடப் பாய்வதே அதன் வழக்கம். பின்னங்காலில் எழுந்து மோப்பம் பிடிக்கும் அந்தக் கணம்தான் படத்துக்கு அழகாக அமைகிறது. அருகில் நிற்பவருக்கு ஆபத்தும் அப்போதுதான். குட்டிகளை முதுகில் சுமந்து வரும் தாயாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சாம்பியனின் கம்பிக்கு அருகில் மனிதர் யாரும் நிற்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பழனி மலைக்காடுகளில் 608.95 சதுர கிலோமீட்டர் 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அந்தக் கோடு வரைபடத்தில் இருக்கிறது. வாழைத்தாரின் வாசனைக்கும் பலாப்பழத்தின் வாசனைக்கும் அது தெரியாது. நீலகிரியில் எண்ணெயைத் தேடிக் கோயில்களுக்கும் கடைகளுக்கும் கரடிகள் வருவது பழகிய செய்தியாகிவிட்டது.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஒரு கரடி மூவரைத் தாக்கியது. முதலில் ஒருவர், மற்ற இருவர் அவரைக் காப்பாற்றப் போனவர்கள். அந்தக் காட்சி கைப்பேசிகளில் பதிவாகி, சில மணி நேரத்தில் ஊரெல்லாம் பரவியது. மயக்க ஊசி செலுத்திக் கரடியைப் பிடித்த வனத்துறையினர், களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டனர். அது அங்கே இறந்துபோயிற்று.