தோலின் பெயரால் அறியப்பட்ட நோய்: சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ் வரலாற்றில் செரிமானப் பாதையும் ஊட்டச்சத்துக் குறைபாடும்

முன்னுரை

ஒரு நோய்க்கு இடப்படும் பெயர், அந்நோயை உடலின் எப்பகுதியில் தேட வேண்டும் என்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது. 'ஸ்க்லெரோடெர்மா' இதற்குத் தக்க சான்றாகும். இன்று 'சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ்' எனப்படும் இந்நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர்க்குச் செரிமானப் பாதை பாதிக்கப்படுகிறது. எனினும் தோலுக்குக் கிடைத்த கவனம் குடலுக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் காலத்தாழ்வையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோலை நோக்கிய பார்வை

1753இல் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ குர்ஸியோ, தோல் இறுகிப்போன 17 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய நூலை வெளியிட்டார். வெதுவெதுப்பான பால், குருதி வெளியேற்றம், சிறிதளவு பாதரசம் ஆகியவற்றால் அவர் சிகிச்சையளித்தார். அப்பெண் குணமடைந்தமையால், அவருக்கு இருந்தது இந்நோய்தானா என்னும் ஐயம் பிற்கால ஆய்வாளரிடம் எழுந்தது. 1847இல் பிரெஞ்சு மருத்துவர் எலி ழேந்த்ராக், 'கடினத் தோல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு நோய்க்குப் பெயரிட்டார். 1862இல் மோரிஸ் ரேனோ, குளிரில் விரல்கள் வெளிறி நீலமாகும் நிலையை விளக்கினார். இவை யாவும் கண்ணுக்குப் புலப்படும் குறிகளே.

உள்ளுறுப்புகளை நோக்கி

1903இல் எர்மான், விழுங்குவதில் நோயாளிகள் படும் இடர்ப்பாட்டைக் குறித்து, உணவுக்குழாயும் பாதிக்கப்படலாம் எனக் கருதினார். 1945இல் கேப் டவுனில் பணியாற்றிய ராபர்ட் கோட்ஸ், உள்ளுறுப்பு மாற்றங்களை முதன்மைப்படுத்தி, உடல் முழுவதையும் தழுவி முற்றிவரும் நோய் என்னும் பொருளில் புதுப்பெயர் ஒன்றை முன்வைத்தார். ழேந்த்ராக் இட்ட பெயருக்கும் இதற்கும் இடையே 98 ஆண்டுகள் கழிந்திருந்தன.

குடலில் நிகழ்வது இன்று தெளிவாகியுள்ளது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தசை நலிவதால் இரைப்பை அமிலம் மேலேறுகிறது. சிறுகுடலின் அசைவு குன்றுவதால் உணவு தேங்கிப் பாக்டீரியாக்கள் மிகுதியாகப் பெருகுகின்றன. கொழுப்பும் வைட்டமின் பி12உம் உரியவாறு உறிஞ்சப்படுவதில்லை. வாய் சுருங்கி விரல்கள் மடங்கியவர்க்குச் சமைப்பதும் உண்பதுமே கடினமாகின்றன. ஆகவே உணவு கிடைத்தும் உடல் மெலியும் நிலை தோன்றுகிறது.

வரையறையும் கவனிப்பும்

1980இல் அமெரிக்க வாதவியல் அமைப்பு வகுத்த வகைப்பாட்டு அளவுகோல்களில் தோலும் விரல்களும் நுரையீரலும் இடம்பெற்றன. செரிமானப் பாதை இடம்பெறவில்லை. ஐரோப்பிய அமைப்புடன் இணைந்து 2013இல் திருத்தப்பட்ட அளவுகோல்களிலும் அதுவே நிலை. அமிலம் மேலேறுதல் போன்ற குறிகள் பிற நோய்களிலும் காணப்படுவதால் அவை வகைப்பாட்டிற்கு உதவா என்பது ஏற்கத்தக்க காரணமே. ஆயினும், வகைப்பாட்டிற்கு உதவாத ஒன்று கவனிப்பிற்கும் தேவையற்றதாகிவிடாது.

சிகிச்சை வரலாறும் இதனை உணர்த்துகிறது. 1970களின் இறுதி முதல் கேப்டோபிரில் வகை மருந்துகள் சிறுநீரக நெருக்கடியால் நேரும் இறப்புகளைப் பெரிதும் குறைத்தன. ஓமெப்ரசோல் வகை மருந்துகள் அமிலத்தைக் கட்டுப்படுத்தின. ஆனால் குடலின் இழந்த அசைவை அவை மீட்பதில்லை. கனடாவில் 586 நோயாளிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 18 சதவீதத்தினர் ஊட்டச்சத்துக் குறைபாட்டிற்கான உயர் இடர்நிலையில் இருந்ததைக் காட்டியது. உடல் நிறை குறியெண், எண்ணாமல் நேர்ந்த எடையிழப்பு போன்ற எளிய அளவீடுகளே அதற்குப் போதுமாயிருந்தன.

முடிவுரை

இந்நோயின் பெயர் தோலிலிருந்து முழு உடலுக்கு விரிந்துள்ளது. கவனிப்பு அதே அளவிற்கு விரியவில்லை. எடை பார்க்கும் கருவியும், என்ன உண்ண முடிகிறது என்னும் வினாவும் எந்த மருத்துவமனைக்கும் எட்டாதவை அல்ல. ஒவ்வொரு வருகையிலும் இவை இடம்பெறுமாயின், கோட்ஸ் 1945இல் சுட்டிய முழுமைப் பார்வை நோயாளியின் உணவுத் தட்டு வரை சென்றுசேரும்.