கயேலிச்சாவில் கிடைத்த விடை

தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சை பரவியதை அமெரிக்கக் கொடையின் சாதனையாக மட்டுமே சொல்வோர் உண்டு. ஆனால் அந்தப் பெரும் பணம் வருவதற்கு முன்பே அங்கே பாதை போடப்பட்டுவிட்டது. 2001 மே மாதத்தில், கேப்டவுனை ஒட்டிய கயேலிச்சாவின் அரசு மருத்துவ நிலையங்களில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு கூட்டுமருந்து கொடுக்கத் தொடங்கியது. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று அதிபர் தாபோ எம்பெக்கியே ஐயம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன மருந்தை 350 டாலருக்குத் தருவதாக மும்பையின் சிப்லா நிறுவனம் அந்த அமைப்பிடம் சொன்னது அதே ஆண்டு பிப்ரவரியில்.

ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்று அமெரிக்க உதவி முகமையின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் 2001இல் சொன்னார். இதற்குக் கயேலிச்சா விடை சொன்னது. நெருங்கிய ஒருவரிடமாவது நோயைச் சொல்லி, அவரைத் துணையாக வைத்துக்கொள்ளும்படி நோயாளிகளைக் கேட்டார்கள். 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று நெஞ்சில் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டோடு வந்த, 'சிகிச்சைச் செயல் இயக்கம்' என்ற தென்னாப்பிரிக்க அமைப்பினர், மருந்துகளின் பெயரையும் பக்கவிளைவுகளையும் கோசா மொழியிலேயே விளக்கினார்கள். முதலில் சேர்ந்த 287 பேரை ஆராய்ந்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடிருப்போர் விகிதம் 86 சதவீதம். சிகிச்சைக்கு முன் சாவின் விளிம்பில் இருந்தவர்களே இவர்களில் பெரும்பாலோர்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபைனை அரசு மருத்துவமனைகளில் தர வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2002 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்ததும் சிகிச்சைச் செயல் இயக்கம்தான். 2003 ஜனவரியில் அமெரிக்கா ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் அறிவித்தபோது, அந்தப் பணம் இறங்க ஒரு தளம் இருந்தது. கொடை, அதை வாங்கும் நாட்டைக் கையேந்த வைக்கும் என்பார்கள். தென்னாப்பிரிக்கா அப்படி ஆகவில்லை: எச்.ஐ.வி. செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கை அந்த அரசே ஏற்றது, அமெரிக்கப் பங்கு சுமார் 17 சதவீதமாகவே இருந்தது. ஆனாலும் 2025 ஜனவரியில் அந்த அமெரிக்க உதவி திடீரென நிறுத்தப்பட்டதும், வீடுவீடாகப் போய் நோயாளிகளைத் தேடிய பணியாளர்கள் வேலையிழந்தார்கள். கொடையையே பெரிதும் நம்பியிருக்கும் மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளின் நிலை இன்னும் மோசம். மருந்து நின்றால் சில வாரங்களில் கிருமி மீண்டும் பெருகிவிடும். கொடையை நிறுத்த விரும்பும் நாடு, அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி, படிப்படியாகத்தான் விலக வேண்டும்.