தல்அத் ஹர்ப்: ஓர் அமானிதத்தின் வரலாறு

கெய்ரோ நகரின் மையத்தில் ஒரு சதுக்கம். ஒரு காலத்தில் அங்கே சுலைமான் பாஷா என்னும் படைத்தலைவரின் சிலை நின்றது. இன்று அவ்விடத்தில் நிற்பது ஒரு வங்கியாளரின் சிலை. அவர் பெயர் முஹம்மது தல்அத் ஹர்ப். போர்வீரனுக்குரிய பீடத்தில் ஒரு வங்கியாளரை ஏற்றி வைக்க எகிப்து மக்களைத் தூண்டியது எது?

1867இல் கெய்ரோவில் பிறந்து, சட்டம் பயின்று தேர்ந்தவர் தல்அத் ஹர்ப். அவருடைய இளமையிலேயே, 1882இல், பிரிட்டிஷ் படை எகிப்தைக் கைப்பற்றியது. நைல் நதிக்கரையில் பருத்தி விளைந்தது. அதன் இலாபமோ கடல் கடந்து போயிற்று. விவசாயிக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் பருத்தியைக் கொள்முதல் செய்த நிறுவனங்களும் பெரும்பாலும் அந்நியருடையவை. 1898இல் தோன்றிய எகிப்து தேசிய வங்கியும் பெயரளவில்தான் தேசியம். அதன் மூலதனமும் நிர்வாகமும் அந்நியர் வசமே இருந்தன.

1910இல் சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் உரிமைக்காலத்தை மேலும் நாற்பது ஆண்டுகள் நீட்டிக்க முயற்சி நடந்தபோது, அதனை எதிர்த்து அவர் நூலெழுதினார். மறு ஆண்டு, எகிப்தியரின் பணத்தில் எகிப்தியருக்கென ஒரு வங்கி வேண்டும் என்று மற்றொரு நூலில் வாதிட்டார். உலகப் போர் குறுக்கிட்டது. 1919ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சிக்குப் பின்னரே அவர் கனவு கைகூடியது.

1920இல் பாங்க் மிஸ்ர் பிறந்தது. தொடக்க மூலதனம் 80,000 எகிப்திய பவுன் மட்டுமே. எகிப்தியர் மட்டுமே பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. ஆயினும் அது மதம் பார்த்த விதியன்று. எகிப்திய யூதரான யூசுஃப் கத்தாவி பாஷாவும் முதல் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். நிர்வாகப் பொறுப்பை ஏற்ற தல்அத் ஹர்ப், சேர்ந்த பணத்தைத் தொழில்களில் இட்டார். அச்சகம் எழுந்தது. 1927இல் மஹல்லா அல்-குப்ராவில் நூற்பு நெசவு ஆலை நிறுவப்பட்டது. எகிப்தின் பருத்தி எகிப்திலேயே துணியாயிற்று. 1932இல் விமான நிறுவனம், 1935இல் திரைப்படக்கூடம், ஹஜ் பயணிகளை ஏற்றிச் செல்லக் கப்பல்கள் என ‘மிஸ்ர்’ என்னும் பெயர் தாங்கிய நிறுவனங்கள் பெருகின.

குறைகளையும் மறைத்தலாகாது. பாங்க் மிஸ்ர் வட்டி முறையில் இயங்கிய வங்கியே. இன்றைய இஸ்லாமிய வங்கியியலின் முன்னோடியாக அதனைக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மேலும், கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய வைப்புத்தொகையை, உடனே பணமாக்க இயலாத ஆலைகளில் முடக்கியதில் பெரும் ஆபத்து இருந்தது.

அந்த ஆபத்து 1939இல் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்ட அச்சத்தில் மக்கள் தம் பணத்தைத் திரும்பப் பெற விரைந்தனர். ஆலைகள் இருந்தன, கையிருப்புப் பணம் இல்லை. எந்த அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுபட இவ்வங்கி எழுந்ததோ, அதன் அடையாளமான தேசிய வங்கியிடமே கடனுக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று. கைகொடுக்க முன்வந்த அரசு, தல்அத் ஹர்ப் விலக வேண்டும் என்றது. பத்தொன்பது ஆண்டுகள் தாம் வளர்த்த நிறுவனத்தைக் காக்க அவர் விலகினார். இரண்டாண்டுகளுக்குள், 1941இல், மறைந்தார்.

சூயஸ் கால்வாய் 1956இலும், பாங்க் மிஸ்ர் 1960இலும் நாட்டுடைமையாயின. அந்த வங்கி இன்றும் இயங்குகிறது.

பிறர் பணம் அமானிதம் என்பது நாமறிந்த நெறி. அதனை முதலீடு செய்த முறையில் தல்அத் ஹர்ப் பிழை செய்திருக்கலாம். ஆனால், தம் பதவியா மக்களின் பணமா என்ற கேள்வி எழுந்த நாளில் அவர் பதவியையே விட்டுக்கொடுத்தார். படைத்தலைவரின் பீடத்துக்கு அவர் தகுதி பெற்றது தொழிற்சாலைகளால் மட்டுமன்று. அந்த ஒரு முடிவாலும்தான்.