மனை விற்ற புஸ்தகம்

வீட்டுத் தரகர் என்றதும் அவருடைய நாவன்மைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மனை தேடி வந்தவரைக் கூடவே அழைத்துச் சென்று, கிணற்று நீரின் ருசியைச் சொல்லி, அண்டை அயலாரின் யோக்கியதையைப் புகழ்ந்து, விலையை ஏற்றியும் இறக்கியும் பேசி இரு தரப்பாரையும் ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தும் அந்த வித்தை, நிலம் விலைக்கு வந்த நாள் முதல் எல்லாத் தேசங்களிலும் இருந்து வருவதுதான். ஆனால் பேச்சை ஒதுக்கிவிட்டு எழுத்தை நம்பி, அதிலும் விற்கப்போகும் வீட்டைப் பற்றி முன்பக்கங்களில் அதிகம் சொல்லாமல், அந்த வீடு நிற்கப்போகும் ஊரையும் அதைச் சுற்றியுள்ள மேடு பள்ளங்களையும் மாதா கோயில்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் வருஷந்தோறும் வர்ணித்து, அதன் மூலம் லண்டன் மாநகரத்தின் வடமேற்குப் பிரதேசம் முழுவதிலும் ஜனங்களைக் குடியேற்றிவிட்ட ஒரு சிறு புஸ்தகத்தின் சரித்திரம் சாதாரணமானது அன்று. மெட்ரோலாண்ட் என்பது அதன் பெயர். 1915 முதல் 1932 வரை வருஷத்துக்கு ஒன்றாக அது வெளிவந்தது. அதை வெளியிட்டது ஒரு ரயில்வே கம்பெனி.

ரயில் ஓட்டுகிற கம்பெனிக்கு வீடு விற்கும் காரியம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1863-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 10-ஆம் தேதி பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை பூமிக்கு அடியில் ரயில் விட்டு, உலகத்தின் முதல் சுரங்க ரயில் என்ற கீர்த்தியைப் பெற்ற மெட்ரோபாலிட்டன் ரயில்வே, நகரத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவதோடு திருப்தி அடைந்திருக்கலாம். 1872-ல் அதன் தலைவராக வந்த சர் எட்வர்ட் வாட்கினுக்கு அந்தத் திருப்தி இல்லை. மான்செஸ்டரில் ஏறியவர் இங்கிலீஷ் கால்வாயின் அடியில் குடைந்த சுரங்கம் வழியாகப் பாரிஸில் போய் இறங்க வேண்டும் என்று கனவு கண்டவர் அவர். அந்தக் கனவின் ஒரு துண்டாகத்தான் பேக்கர் தெரு நிலையத்திலிருந்து வடமேற்கே தண்டவாளம் நீண்டுகொண்டே போயிற்று: 1880-ல் ஹாரோ, 1885-ல் பின்னர் என்ற ஊர், 1887-ல் ரிக்மன்ஸ்வொர்த், 1892-ல் ஏல்ஸ்பரி. பிறகு பேக்கர் தெருவிலிருந்து ஏறக்குறைய 50 மைல் தூரத்திலுள்ள வெர்னி ஜங்ஷன் வரைக்கும் அந்தக் கம்பெனியின் வண்டிகள் ஓடின. மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே போடப்பட்ட அந்தப் பாதையில் ஏறி இறங்குவதற்குப் போதிய ஜனங்கள் அப்போது கிடையாது.

வாட்கின் ஜனங்களை வரவழைக்க எடுத்துக்கொண்ட உபாயம் வெம்பிளி கோபுரம். பாரிஸில் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து, அதைவிட உயரமாக ஒன்றைத் தம்முடைய ரயில் பாதைக்குப் பக்கத்தில் எழுப்பிவிட்டால் கூட்டம் தானாகவே வரும் என்று அவர் நம்பினார். முதல் அடுக்கு மட்டும் எழுந்தது, அஸ்திவாரம் இறங்கத் தொடங்கிற்று, பணமும் தீர்ந்தது. 1907-ல் எஞ்சியிருந்ததை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பின்னால் புகழ்பெற்ற வெம்பிளி விளையாட்டரங்கம் 1923-ல் திறக்கப்பட்டது அந்த இடத்தில்தான்.

கோபுரம் செய்யாததைச் சட்டத்தின் ஒரு சலுகை செய்தது. இங்கிலாந்தில் ரயில் பாதை போடுவதற்காகக் கட்டாயமாக நிலம் வாங்கும் கம்பெனிகள், வேலை முடிந்த பிறகு மிஞ்சிய நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றுவிட வேண்டும் என்பது 1845-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஏற்பாடு. மெட்ரோபாலிட்டன் கம்பெனி மட்டும், தன்னுடைய தனிச் சட்டங்களின் பலத்தால், மிஞ்சிய நிலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளவும் அதில் கட்டடம் எழுப்பவும் உரிமை பெற்றிருந்தது. இந்த உரிமை சில காலம் அதிகப் பிரயோஜனம் இல்லாமலே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய சுரங்க ரயில்களும் மோட்டார் பஸ்களும் நகரத்துப் பிரயாணிகளைப் பறித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான், கம்பெனியின் ஜீவனம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது என்பது அதன் நிர்வாகிகளுக்குத் தெளிவாயிற்று. 1908-ல் ஜெனரல் மானேஜராக வந்த ராபர்ட் செல்பி இதை மற்ற எவரையும்விட நன்றாக உணர்ந்தவர். ரயில் ஓடுவதால் நிலத்தின் விலை ஏறுகிறது. நிலத்தில் வீடு எழும்பினால் ரயிலுக்குப் பிரயாணி கிடைக்கிறார். அந்தப் பிரயாணி சீசன் டிக்கெட் வாங்கி முப்பது வருஷம் அதே வண்டியில் போய் வருவார். ஒரே நிலத்திலிருந்து இரண்டு விதமான வருமானம் என்ற இந்தக் கணக்கின் மேல்தான் அந்தப் புஸ்தகம் எழுந்தது.

ரயில் பாதை வழிகாட்டி என்று ஏற்கெனவே ஒன்றை அந்தக் கம்பெனி அச்சிட்டு வந்தது. 1915-ல் அதற்கு மெட்ரோலாண்ட் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். விளம்பர வாசகம் எழுதும் ஜேம்ஸ் கார்லண்ட் என்பவர் விஷக் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தப் பெயர் தோன்றவே, படுக்கையை விட்டுத் துள்ளி எழுந்தார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வீடு கட்ட மரமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே முதலில் வந்த புஸ்தகங்கள் வீடு விற்க முடியாத நிலைமையில் வீடு விற்பதற்கான தரையைப் பண்படுத்தி வைத்தன. ஞாயிற்றுக்கிழமை நகரத்துப் புகையிலிருந்து தப்பி, எந்த நிலையத்தில் இறங்கி, எந்தப் பாதையில் திரும்பி, எந்தப் பழைய கோயிலைப் பார்த்துக்கொண்டு, எந்தச் சத்திரத்தில் தேநீர் அருந்திவிட்டு, மாலை வண்டியைப் பிடிப்பது என்று அவை வாசகருக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தன. சில்டர்ன் குன்றுகளின் காற்று, அங்குள்ள பீச் மரத் தோப்புகள், குறுகிய சந்துகளின் இரு பக்கத்து வேலிகள் ஆகிய எல்லாம் அந்தப் பக்கங்களில் நிதானமாகவும் பிரியமாகவும் வர்ணிக்கப்பட்டன.

இந்தக் கிரமத்தில் உள்ள நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வாங்கச் சொல்லாமல் நடக்கச் சொன்ன புஸ்தகம் அது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கிராமத்தின் சந்து பொந்துகளில் நடந்தவர், அந்தக் கிராமத்தின் மேல் ஒருவித உரிமை கொண்டுவிடுகிறார். ஐந்தாவது முறை அவர் நடப்பதற்கு மட்டும் வருவதில்லை. அப்போது அவர் புஸ்தகத்தின் பின்பகுதியைப் புரட்டுகிறார். அங்கே வீடு தேடுவோருக்கென்று தனிப் பகுதி இருந்தது: எந்த ஊரில் என்ன மனை விற்பனைக்கு இருக்கிறது, நகரத்துக்கு எத்தனை நிமிஷத்தில் வண்டி போய்ச் சேரும், சீசன் டிக்கெட் என்ன விலை, பக்கத்தில் கால்ஃப் மைதானம் எங்கே என்ற விவரங்களும், கட்டடக்காரர்களின் விளம்பரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. முன்பக்கத்தில் ரசிகராக நுழைந்தவர் பின்பக்கத்தில் குடித்தனக்காரராக வெளியே வந்தார். வண்டியில் ஏறி இறங்கும்போதுகூட இந்த அழைப்பு அவரை விடவில்லை. கம்பெனியின் ரயில் பெட்டிக் கதவுகளின் கைப்பிடியில் மெட்ரோலாண்டில் வாழுங்கள் என்ற வாசகத்தைப் பொறித்திருந்தார்கள். செல்வந்தரான நகரத்து வியாபாரிகளுக்காக மேஃப்ளவர், கலேட்டியா என்ற இரண்டு புல்மன் பெட்டிகள் 1910 முதலே ஓடின. காலை ஆகாரத்தை வண்டியிலேயே முடித்துக்கொண்டு அவர்கள் காரியாலயம் போய்ச் சேரலாம்.

யுத்தம் முடிந்த கையோடு, 1919-ல், மெட்ரோபாலிட்டன் ரயில்வே கன்ட்ரி எஸ்டேட்ஸ் என்ற தனிக் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. ரயில்வே கம்பெனி தானே நேராக மனை வியாபாரத்தில் இத்தனை விஸ்தாரமாக இறங்குவது சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகத்தைத் தவிர்ப்பதற்கே இந்த ஏற்பாடு. செல்பியும் அதன் டைரக்டர்களில் ஒருவர். நீஸ்டன், வெம்பிளி பார்க், பின்னர், ரிக்மன்ஸ்வொர்த், அமெர்ஷாம் என்று ரயில் பாதை நெடுகிலும் குடியிருப்புகள் எழுந்தன. காலமும் அவர்களுக்கு அனுகூலமாக இருந்தது. தனியார் கட்டும் சிறு வீடுகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை தர 1923-ல் சட்டம் வந்தது. வீட்டுக் கடன் சங்கங்கள் பெருகின. மாதச் சம்பளக்காரரான குமாஸ்தா, வாழ்க்கையில் முதல் முறையாக, வாடகை கொடுக்கும் பணத்திலேயே தவணை கட்டி வீட்டுக்குச் சொந்தக்காரராகலாம் என்ற நிலைமை உண்டாயிற்று. 1924-லும் 1925-லும் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் அதே ரயிலில் வந்து போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஜன்னல் வழியாகத் தாங்கள் பின்னால் குடியிருக்கப்போகும் தெருவின் மண்ணைப் பார்த்திருப்பார்கள்.

ஒரே ஒரு நிலையத்தை மட்டும் சற்று நின்று பார்ப்போம். ஹாரோவிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் போகும் கிளைப் பாதையில் ரேனர்ஸ் லேன் என்று ஒரு நிறுத்தம் 1906-ல் திறக்கப்பட்டது. சுற்றிலும் வெறும் வயல். குளிர்காற்றுக்கு மறைவில்லாத அந்த மேடையில் வண்டிக்காகக் காத்து நின்றவர்கள் அதை நிமோனியா ஜங்ஷன் என்றே அழைத்தார்கள். 1929-ல் அந்த வயல்களில் ஹாரோ கார்டன் வில்லேஜ் என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். 1930-ல் வருஷம் முழுவதற்கும் 22,000 பிரயாணிகளைக் கண்ட அந்த நிறுத்தம், 1937-ல் 40 லட்சம் பிரயாணிகளைக் கண்டது. ஏழே வருஷத்தில் ஏற்பட்ட மாறுதல் இது. வீடுகள் இரட்டை இரட்டையாக, ஒரு நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு நின்றன; முகப்பின் முக்கோணத்தில் முதலாம் எலிஸபெத் ராணி காலத்துப் பண்ணை வீட்டைப் போல் கறுப்பு மரச்சட்டங்கள் பதித்திருந்தார்கள்; முன்னால் சிறு தோட்டம், பின்னால் நீளத் தோட்டம். கட்டடக்கலை அறிந்தவர்கள் அந்த மரச்சட்டங்களைப் பரிகசித்தார்கள். லண்டனின் இருண்ட வாடகை வீட்டிலிருந்து வந்து, தன் குழந்தைகளுக்கென்று ஒரு ஸ்நான அறையும் ஒரு ஆப்பிள் மரமும் கிடைக்கக் கண்ட தாய்க்கு அந்தப் பரிகாசத்தில் பங்கு இருந்திருக்க நியாயமில்லை. அவள் பக்கம் நிற்கவே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அந்தப் புஸ்தகத்தின் மேல் ஒரு பெரிய குற்றம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. அது வர்ணித்த புல்வெளியை அதன் வர்ணனையே தின்றுவிட்டது. ஹாரோவும் பின்னரும் வெம்பிளியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே வயல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத பிறகும், புதிய பதிப்புகள் பழைய சுருதியிலேயே பாடிக்கொண்டிருந்தன. நாட்டுப்புறத்தின் தனிமையை நாடி 1921-ல் வீடு வாங்கியவர், 1931-ல் தம் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தார். 1915-ல் எழுதியபோது அந்த வார்த்தைகள் சத்தியமாக இருந்தன. வீடு தேடுவோர் அந்த வார்த்தைகளை நம்பியதற்குக் காரணமும் அதுவே. ஆனால் ஊரைப் பற்றி எழுதி நிலம் விற்கிறவர், ஊர் மாறும்போது தம் எழுத்தையும் மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லவா? இன்ன ஊரில் இப்போது பள்ளிக்கூடம் வந்திருக்கிறது, கடைத்தெரு வந்திருக்கிறது, தோப்பு போய்விட்டது, தனிமை வேண்டுவோர் இன்னும் நான்கு நிலையம் தாண்டிப் போவது நல்லது என்று எழுதியிருந்தால், வீடு விற்பது குறைந்திருக்காது. ஜனங்களிடத்தில் அந்தப் புஸ்தகத்துக்கு இருந்த மதிப்பும் கெட்டிருக்காது.

இலக்கியக்காரர்கள் அந்தப் பெயரை விடவில்லை. ஈவ்லின் வா 1928-ல் வெளியிட்ட தம் முதல் நாவலில் ஒரு சீமாட்டிக்கு மெட்ரோலாண்ட் என்ற பட்டத்தைச் சூட்டினார். ஜான் பெட்ஜமன் 1973-ல் அதே பெயரில் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுத்து, பேக்கர் தெருவிலிருந்து வெர்னி ஜங்ஷன் வரை அந்தப் பாதையின் வாழ்வைப் பரிவோடு காட்டினார்.

புஸ்தகம் நின்றுபோனதற்கு வீடுகள் விற்றுத் தீர்ந்ததோ வாசகர்கள் அலுத்துப்போனதோ காரணம் அன்று. செல்பி 1930-ல் காலமானார். 1933-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி மெட்ரோபாலிட்டன் ரயில்வேயும் லண்டனின் மற்ற சுரங்க ரயில், டிராம், பஸ் கம்பெனிகளும் லண்டன் பிரயாணிகள் போக்குவரத்து வாரியம் என்ற பொது ஸ்தாபனத்தின் கீழ் வந்தன. வாரியத்துக்கு நிலம் விற்கும் வேலை இல்லை. வெர்னி ஜங்ஷன் வரை வண்டி ஓட்டுவதிலும் அக்கறை இல்லை, 1936-ல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. மனைக் கம்பெனி மட்டும் வாரியத்தில் சேராமல் தனியே பிழைத்து, தொடர்ந்து வீடு கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் கையில் ரயில் இல்லை, நிலையத்து மேடை இல்லை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புது மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கும் வண்டி இல்லை. ஊரைப் பற்றி எழுதுவதில் லாபம் காணக்கூடியவர், அந்த ஊருக்குப் போகும் வழியும் அந்த ஊரில் உள்ள மண்ணும் ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவர் ஒருவரே. அவர் இரண்டாகப் பிரிந்ததும் அந்த எழுத்துக்குச் செலவிட எவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று. பிறகு வந்த கட்டடக்காரர்கள் பத்திரிகையில் வீட்டின் படமும் தவணைத் தொகையும் போட்டு விற்றார்கள். புஸ்தகம் புகழ்ந்த வயல்களைப் போல் மிஞ்சியவையும் வீடுகளாகிவிடாதபடி, 1938-ல் லண்டனைச் சுற்றிப் பசுமை வளையத்தைக் காப்பாற்றுவதற்கென்று பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று.