வட அயர்லாந்துப் பதின்பருவத்தினரின் குழுப் பகைமை

வட அயர்லாந்தில் சுமார் 3,500 உயிர்களைப் பலிகொண்ட கத்தோலிக்க–புராட்டஸ்டன்ட் மோதல், 1998-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்பாட்டோடு பெரும்பாலும் ஓய்ந்தது. ஆனாலும் 2021 ஏப்ரலில் பெல்ஃபாஸ்டின் லனார்க் வே பகுதியில், இரு சமூகங்களையும் பிரிக்கும் மதிலருகே கலவரம் மூண்டபோது, அதில் 12, 13 வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். போரைப் பார்த்திராத இவர்களுக்குப் பகை எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து வந்தது என்பார்கள்; அது பாதி விடைதான். மீதியைப் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை அமைந்திருக்கும் விதத்தில் தேட வேண்டும். பெரும்பாலான கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிக்கும், பெரும்பாலான புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கும் போகிறார்கள். ஒருவன் போட்டிருக்கும் சீருடையே அவன் எந்தத் தரப்பு என்பதைத் தெருவுக்குச் சொல்லிவிடும். கையில் ஹர்லிங் என்ற அயர்லாந்து விளையாட்டின் மட்டை இருந்தால் கத்தோலிக்கன் என்று கொள்வார்கள். புராட்டஸ்டன்ட் பள்ளிகளில் ரக்பியும் ஹாக்கியும் ஆடுவார்கள். கல்வியியலாளர் பால் கானலி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தங்களை ஒரு தரப்பினராகவே அடையாளம் கண்டிருந்தனர். மறுதரப்பில் ஒரு நண்பன்கூட இல்லாமல் வளரும் பிள்ளைக்கு, கேட்ட கதைகளைச் சரிபார்க்க வழியே இல்லை.

இப்படி வளரும் சந்தேகம் பழைய எதிரியோடு நின்றுவிடுவதில்லை. 2009-இல் தெற்கு பெல்ஃபாஸ்டில் வீடுகள் தாக்கப்பட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட ருமேனிய ரோமா மக்கள் வெளியேற நேர்ந்தது. 2025 ஜூனில் பாலிமீனா நகரில் குடியேறியோரின் வீடுகள் கொளுத்தப்பட்டன. தப்பிக்க வேண்டி, இங்கே உள்ளூர்க்காரர்கள் வசிக்கிறார்கள் என்று சிலர் கதவில் எழுதி ஒட்டினார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வெள்ளையரல்லாதோர் வெறும் 3.4 சதவீதம், எண்ணிக்கை மிரட்டியது என்று சொல்ல இடமில்லை. உளவியலாளர் நிக்கோல் டவுஷும் அவரது குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, வட அயர்லாந்தையும் சைப்ரஸையும் எடுத்துக்கொண்டது. எதிர்த்தரப்பினரோடு பழகியவர்கள், அந்தப் பழக்கத்தில் இடம்பெறாத வேறு குழுக்களிடமும் கூடுதல் நல்லெண்ணம் காட்டினார்கள் என்பது அதன் முடிவு. சந்தேகம் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவது போல நம்பிக்கையும் பரவுகிறது. எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் கண்டுபிடிப்பு இத்துறையில் வேறில்லை.

திறந்த மனம் உள்ளவர்கள்தானே தேடிப்போய்ப் பழகுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேற்படி ஆய்வின் ஒரு பகுதி, அதே ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்தது. தொடக்க மனநிலையைக் கணக்கில் கொண்ட பிறகும் பழக்கத்தின் விளைவு தெரிந்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் வெறுப்பைக் கற்பிப்பதில்லை என்ற மறுப்பும் உண்மையே; குறை பாடத்தில் இல்லை, பக்கத்து இருக்கையில் இருக்கிறது. ஆனால் சும்மா ஒரே அறையில் உட்காரவைத்தால் போதாது. சமநிலையும் பொதுவான இலக்கும் நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். இரு தரப்பையும் திட்டமிட்டுச் சேர்த்த லேகன் கல்லூரி என்ற பள்ளி 1981-இல் 28 மாணவர்களோடு தொடங்கியது. இன்றும் இத்தகைய பள்ளிகளில் பத்தில் ஒரு மாணவர்கூடப் படிக்கவில்லை. 2016-இன் பகிர்வுக் கல்விச் சட்டம் தனித்தனிப் பள்ளிகளை அப்படியே விட்டுவிட்டுச் சில வகுப்புகளை மட்டும் சேர்ந்து நடத்த வழிசெய்கிறது. அது ஒன்றுமில்லாததற்கு மேல்தான்; ஆனால் வாரத்துக்குச் சில மணி நேரத்தில் நட்பு வேர்விடுவது கடினம். மதில்களின் கதையும் இப்படித்தான்: அவை 2023-க்குள் அகற்றப்படும் என்று அரசு 2013-இல் அறிவித்தது; கெடு கடந்தும் பெரும்பாலானவை நிற்கின்றன.